கணினியில் கேம்புக் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகரே முடிவெடுத்து நகர்த்தும் கதைகளை நிரலாக எழுதுவது எப்படி என்று சிலருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கதை எழுதுபவர்கள் நிரலைப் பார்த்துத் தயங்குகிறார்கள், நிரல் எழுதுபவர்கள் கதையைப் பார்த்துத் தயங்குகிறார்கள். ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. கேம்புக் என்றால் என்ன? அது கதையா, வீடியோ கேமா?

கதைதான். ஆனால் சில பத்திகளுக்கு ஒரு முறை நின்று, "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று வாசகரைக் கேட்கும் கதை. அச்சுப் புத்தகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண் இருக்கும். பகுதியின் கடைசியில், "கதவைத் திறந்தால் 214-க்குப் போங்கள், திரும்பி நடந்தால் 87-க்குப் போங்கள்" என்று எழுதியிருக்கும். 1979-இல் அமெரிக்காவில் பாண்டம் பதிப்பகம் தொடங்கிய சிறுவர் வரிசை இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. 1982-இல் பிரிட்டனில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் 400 பகுதிகள். கூடவே இரண்டு பகடை, ஒரு பென்சில், உடல்பலத்தையும் பையில் உள்ள பொருட்களையும் குறித்துக்கொள்ள ஒரு தாள்.

அந்தத் தாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி வந்து செய்த பெரிய வேலை, அதை வாசகர் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டதுதான். யார் என்ன செய்தார், எதை எடுத்தார், யாரிடம் பொய் சொன்னார் என்பதையெல்லாம் நிரல் நினைவில் வைத்திருக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த நினைவைப் பற்றியதுதான்.

2. எனக்கு கோடிங் சுத்தமாகத் தெரியாது. என்னால் முடியுமா?

முடியும். பகுதிகளை எழுதி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு கொடுப்பதற்கு நிரலாக்கம் தேவையே இல்லை. அதற்கு மேல் கற்க வேண்டியது இரண்டே விஷயம்: ஒன்றை நினைவில் வைப்பது, "இது இருந்தால் அது" என்று நிபந்தனை சொல்வது. இரண்டையும் ஒரு மாலை நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.

3. எந்த டூலில் ஆரம்பிக்கலாம்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முதல் கதைக்கு ட்வைன். க்ரிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட இலவசக் கருவி, அதன் நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூலக் கருவி. திரையில் ஒவ்வொரு பகுதியும் ஒரு சிறிய அட்டையாகத் தெரியும். அட்டைக்குள் இப்படி எழுதினால் போதும்:

[[கம்பளியை ஓடக்காரரிடம் கொடுக்கிறேன்->ஓடம் கிளம்புகிறது]]

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது வாசகர் பார்க்கும் வரி, வலப்பக்கம் இருப்பது போய்ச் சேரும் பகுதியின் பெயர். அந்தப் பெயரில் பகுதி இன்னும் இல்லையென்றால் ட்வைனே ஒரு காலி அட்டையை உருவாக்கி அம்பு போட்டு இணைத்துவிடும். முடிந்ததும் மொத்தக் கதையும் உலாவியில் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வெளியே வரும். ட்வைனுக்குள்ளேயே கதை வடிவங்கள் என்று சில உண்டு, கதை எப்படித் தெரியும், என்ன கட்டளைகள் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை. ஹார்லோ தொடக்கக்காரருக்கு இதமானது. சுகர்கியூப் சேமிப்பு வசதியோடு வருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி தெரிந்தவருக்கு அதிக இடம் கொடுக்கிறது.

நிறைய உரை எழுதப் போகிறீர்கள், அட்டைகள் கண்ணை உறுத்துகின்றன என்றால் இங்க். இன்கிள் நிறுவனம் தன் விளையாட்டுகளுக்காக உருவாக்கி, 2016-இல் எம்ஐடி உரிமத்தில் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம்) எல்லோருக்கும் திறந்துவிட்ட மொழி. நாடகப் பிரதி எழுதுவதுபோல மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போகலாம். பிரிந்த கிளைகளை மறுபடி ஒன்றுசேர்ப்பது இதில் மிகவும் சுலபம். சாய்ஸ்ஸ்கிரிப்ட் குணநலன்களை எண்களாக வளர்த்துப் போகும் நீண்ட கதைகளுக்கு ஏற்றது. ஆனால் விற்பதற்கு எழுதுவதாக இருந்தால் முதலில் அதன் உரிம விதிகளைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் படமும் பாத்திரங்களின் முகமும் வேண்டுமென்றால் பைத்தான் என்ற நிரல்மொழியின் மேல் கட்டப்பட்ட ரென்பை.

ஒரு எச்சரிக்கை. ட்வைனை உலாவியில் திறந்து எழுதினால் கதை அந்த உலாவியின் நினைவகத்தில்தான் இருக்கும். உலாவியின் தரவுகளை அழித்தால் கதையும் போய்விடும். எனக்கு அறுபது பகுதிகள் அப்படிப் போயின. அதற்குப் பிறகு எழுதி முடிக்கிற ஒவ்வொரு நாளும் கோப்பாக இறக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

4. டூல் எதுவும் வேண்டாம், பைத்தானில் நானே எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கதையையும் நிரலையும் பிரித்து வைப்பதிலிருந்து. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு "இஃப்" நிபந்தனைக்குள் இன்னொரு "இஃப்", அதற்குள் இன்னொன்று என்று கதையை நிரலுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். இருபதாவது பகுதிக்குள் அவர்களாலேயே அதைப் படிக்க முடியாமல் போகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பகுதியையும் இப்படி ஒரு ஜேசான் கோப்பில் (தரவை எழுதிவைக்கும் எளிய உரை வடிவம்) வையுங்கள்:

"கிணற்றடி": {
"உரை": "கிணற்றுக்குள்ளிருந்து யாரோ இருமும் சத்தம். எட்டிப் பார்த்தால் இருட்டு.",
"தேர்வுகள்": [
{"வரி": "தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிறேன்", "செல்": "கிணற்றுக்குள்", "தேவை": "தீப்பெட்டி"},
{"வரி": "சத்தம் போடாமல் நகர்கிறேன்", "செல்": "ஆற்றங்கரை"}
]
}

நிரல் செய்ய வேண்டிய வேலை நான்குதான். இப்போதைய பகுதியின் உரையைக் காட்டு. தேர்வுகளில் எவற்றின் தேவை நிறைவேறியிருக்கிறதோ அவற்றை மட்டும் எண் போட்டுக் காட்டு. வாசகர் தட்டும் எண்ணை வாங்கு. "செல்" சொல்லும் பகுதிக்குப் போ. தேர்வே இல்லாத பகுதி வந்தால் கதை முடிந்தது. பைத்தானில் இது நாற்பது வரியைத் தாண்டாது. நாளைக்கு வேறொரு கதை எழுதினாலும் அதே நாற்பது வரி போதும், கோப்பை மட்டும் மாற்றினால் சரி. கதை தனிக் கோப்பில் இருப்பதால், நிரல் தெரியாத நண்பர்கூட அதைத் திறந்து எழுத்துப்பிழை திருத்தலாம்.

5. எல்லோரும் மாறி, மாறி என்கிறார்களே. கதைக்கு எதற்கு மாறி?

முதல் பதிலில் சொன்ன தாளில் எழுதிவைக்கும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு மாறி (வேரியபிள்). ஓர் உதாரணம். கதையின் தொடக்கத்தில் குளிரில் நடுங்கும் ஓடக்காரர் ஒருவரை வாசகர் சந்திக்கிறார். தன்னிடம் இருக்கும் ஒரே கம்பளியைக் கொடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம். கொடுத்தால் "கம்பளி கொடுத்தார்" என்ற மாறி "ஆம்" ஆகும். கதை இரண்டாகப் பிரியாது. கொடுத்தவரும் கொடுக்காதவரும் அடுத்து அதே சந்தைக்குத்தான் போகிறார்கள்.

பன்னிரண்டு பகுதி கழித்து வாசகர் துரத்தப்பட்டு ஆற்றங்கரைக்கு ஓடி வருகிறார். அங்கே நிரல் அந்த மாறியைப் பார்க்கிறது. "ஆம்" என்றால்: "நடு ஆற்றில் ஓர் ஓடம். துடுப்புப் போடுகிறவர் உங்களைப் பார்த்ததும் கரைக்குத் திருப்புகிறார். அவர் தோளில் உங்கள் கம்பளி." இல்லையென்றால்: "நடு ஆற்றில் ஓர் ஓடம். துடுப்புப் போடுகிறவர் உங்களை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்." எழுதியது இரண்டு வரி அதிகம், அவ்வளவுதான். ஆனால் வாசகர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். தான் செய்ததைக் கதை மறக்கவில்லை என்று தெரிகிற நொடி அது. நான் இந்த வடிவத்தை நேசிப்பதே அந்த நொடிக்காகத்தான்.

6. பத்து இடத்தில் இரண்டிரண்டு தேர்வுதான் வைத்தேன். கதை கட்டுக்கடங்காமல் போய்விட்டது. என்ன தப்பு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு தேர்வும் கதையை நிரந்தரமாக இரண்டாகப் பிரித்தால், பத்துத் தேர்வுக்குப் பிறகு 1,024 முடிவுகள், மொத்தம் 2,047 பகுதிகள். பகுதிக்கு நூறு வார்த்தை என்று வைத்தாலும் இரண்டு லட்சம் வார்த்தைக்கு மேல் எழுத வேண்டும். ஒரு தடவை படிக்கும் வாசகர் கண்ணில் படுவது அதில் 11 பகுதிகள், 1,100 வார்த்தைகள்.

இதற்குத் தீர்வு, பிரிந்த கிளைகளைக் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி சேர்ப்பது. தேர்வு வரும் பகுதி ஒன்று, அதன் இரண்டு விளைவுகளுக்கு இரண்டு பகுதி, பிறகு இரண்டும் ஒரே இடத்தில் கூடும். இப்படிப் பத்து முறை செய்தால் கடைசிப் பகுதியையும் சேர்த்து 31 பகுதிகள். வாசகர் அதில் 21 பகுதிகளைப் படிப்பார். உங்கள் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு அவர் கைக்குப் போய்ச் சேருகிறது. வித்தியாசத்தைச் சுமந்து போவது மாறிகளின் வேலை.

எல்லாவற்றையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நடுவில் ஒரே ஒரு பெரிய பிரிவு, கடைசியில் நான்கைந்து முடிவு என்று வைத்தால் கதைக்கு நல்ல அகலம் கிடைக்கும். சின்னஞ்சிறு கதையாக இருந்தால், எதையும் சேர்க்காமல் கிளைக்க விட்டு, திரும்பத் திரும்பப் படிக்க வைப்பதும் ஒரு நல்ல வடிவம்தான்.

7. அப்படியானால் முதல் கதைக்கு எத்தனை பகுதி எழுதலாம்?

பதினைந்திலிருந்து இருபத்தைந்து. மூன்று முடிவு, இரண்டு மாறி. ஒரு தாளில் வட்டம் போட்டு அம்பு வரைந்து பாருங்கள். ஒரே தாளில் அடங்கவில்லை என்றால் குறையுங்கள்.

8. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது என்றால் அது வாசகரை ஏமாற்றுவது இல்லையா?

போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருப்பது ஏமாற்று ஆகாது. எப்படிப்பட்ட ஆளாக அங்கே போய்ச் சேருகிறார் என்பது மாறாமல் இருந்தால்தான் ஏமாற்று. கம்பளியைக் கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே ஆற்றங்கரைக்குத்தான் வந்தார்கள். ஆனால் அது இருவருக்கும் ஒரே ஆற்றங்கரை இல்லை.

எனக்கு ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு தேர்வும் மூன்றில் ஒன்றையாவது செய்ய வேண்டும். வேறு பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது ஒரு மாறியை மாற்ற வேண்டும், அல்லது வாசகர் தன்னைப் பற்றி ஏதோ சொல்லும்படி இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எழுத்தாளர்கள் மறந்துபோகிறார்கள். இறந்தவரின் கடிதத்தைப் "படிக்கிறேன்", "பிரிக்காமலே எரிக்கிறேன்" என்று கேட்டால், கதை அப்புறம் மாறாவிட்டாலும் வாசகர் அந்த இடத்தில் ஒரு கணம் யோசித்திருப்பார். ஆனால் இந்த மூன்றாவதை அளவோடு வையுங்கள். ஐந்து தேர்வு வரிசையாக எந்த விளைவும் இல்லாமல் போனால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு உண்மையான தேர்வையும் நம்ப மாட்டார்.

9. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் செத்துப்போகிற மாதிரி வைக்கலாமா?

வைக்கலாம், ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டியே ஒரு குறிப்பாவது கொடுத்திருந்தால். "இடது பக்கம், வலது பக்கம்" என்று மட்டும் கேட்டுவிட்டு இடது பக்கம் போனவரைக் கொல்வது தேர்வு ஆகாது, காசு சுண்டுவதுதான். இடது பக்கத்திலிருந்து கெட்ட வாடை வருகிறது, தரையில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்புறம் போனவர் தெரிந்தே போகிறார். அவரைக் கதையின் முதல் பகுதிக்கு அனுப்பாமல் முந்தைய முக்கியமான இடத்துக்கே திருப்பி அனுப்புவதும் நல்லது.

10. பகடை, சண்டை எல்லாம் வைக்கலாமா?

கணினியில் பகடை உருட்டுவது ஒரே வரி. அதன் வாய்ப்புக் கணக்கைத்தான் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழ 36-க்கு 21 வாய்ப்பு, ஏறக்குறைய 58 சதவீதம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கதையில் இப்படி நான்கு சண்டை, நான்கிலும் ஜெயித்தால்தான் முடிவு என்று வைத்தால், நான்கையும் தாண்டுகிறவர் சுமார் 12 சதவீதம்தான். மீதிப் பேர் உங்கள் கடைசிக் காட்சியைப் பார்க்கவே மாட்டார்கள்.

அதனால் தோற்றால் கதை முடிந்தது என்று வைக்காதீர்கள். தோற்றால் கதை வேறு பக்கம் திரும்பட்டும். பிடிபடுகிறார், பையை இழக்கிறார், நொண்டிக்கொண்டு நடக்கிறார். தோல்வியும் ஒரு மாறிதான்.

11. வாசகர் பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் மாறிகள் என்ன ஆகும்?

நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது. பிரச்சினையே அதுதான். பகுதி பழையதாகிவிடும், மாறி புதியதாகவே நிற்கும். கம்பளியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தவர் கையில் கம்பளி இருக்காது, ஆனால் "கம்பளியைக் கொடுக்கிறீர்களா?" என்று கதை மறுபடி கேட்கும். ட்வைனின் முக்கிய வடிவங்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். நான்காம் பதிலில் சொன்னபடி சொந்தமாக எழுதுகிறவர்கள், ஒவ்வொரு அடியிலும் பகுதியின் பெயரையும் எல்லா மாறிகளின் அப்போதைய நிலையையும் ஒரு பட்டியலில் அடுக்கி வைக்க வேண்டும். பின்னால் போவது என்றால் அந்த அடுக்கின் மேலே இருப்பதை எடுத்துவிட்டு அதற்கு முந்தையதைப் போடுவது.

இதில் பைத்தானில் பலரும் விழும் ஒரு குழி உண்டு. "பை" என்ற பட்டியலை அடுக்கில் அப்படியே வைத்தால் நகல் போவதில்லை, அதே பைதான் போகிறது. பிறகு பையில் தீப்பெட்டியைப் போட்டால், அடுக்கில் இருக்கிற பழைய பைகள் எல்லாவற்றிலும் தீப்பெட்டி வந்து உட்கார்ந்துவிடும். டீப்காப்பி, அதாவது உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து முழு நகல், செய்து வைத்தால் சரியாகும். பகடை இருந்தால், சீரற்ற எண்ணுக்கான விதையையும் (எண்கள் விழும் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) மாறிகளோடு சேர்த்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் வாசகர் நல்ல எண் விழும்வரை பின்னால் போய்ப் போய் உருட்டுவார்.

12. பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடர முடியுமா?

முடியும். பதினோராம் பதிலில் உள்ள அடுக்கையே ஜேசானாக மாற்றி எழுதிவைத்தால் அதுதான் சேமிப்பு. உலாவிக் கதை என்றால் உலாவியின் நினைவகமான லோக்கல் ஸ்டோரேஜில், பைத்தான் என்றால் ஒரு கோப்பில். கூடவே கதையின் பதிப்பு எண்ணையும் சேருங்கள். நீங்கள் "கிணற்றடி" என்ற பகுதியின் பெயரைப் "பாழுங்கிணறு" என்று திருத்தி வெளியிட்ட மறுநாள், பழைய சேமிப்போடு வருகிறவர் இல்லாத ஒரு பகுதியைத் தேடி நிற்பார். பதிப்பு எண் இருந்தால் அதைக் கண்டுபிடித்து, பழைய பெயரைப் புதிய பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

13. தமிழில் எழுதினால் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. ஏன்?

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துருவில் தமிழ் இல்லை. புரியாத குறிகளாகத் தெரிந்தால் கோப்பு யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறிமுறை) ஆகச் சேமிக்கப்படவில்லை, அல்லது யூடிஎஃப்-8 ஆகத் திறக்கப்படவில்லை. பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது குறிமுறையைச் சொல்லியே திறங்கள். எழுத்து இருக்கிறது, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்றால், அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை என்று அர்த்தம். உலாவிகளில் இந்தத் தொல்லை இல்லை. சில விளையாட்டு என்ஜின்களில் உண்டு. "கொக்கு, கௌதாரி, ஸ்ரீ" என்று ஒரு வரியை முதல் நாளே போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சாவதுபோல வர வேண்டும் என்று பலருக்கும் ஆசை. "கொடி" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறி: க, ொ, ட, ி. ஒவ்வொரு குறியாகக் காட்டினால் திரையில் க, கொ, கொட, கொடி என்று துடித்துக்கொண்டே வரும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்காகவே செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. அது முழு எழுத்தாக வெட்டிக் கொடுக்கும்.

இன்னும் நுட்பமான ஒன்று. "கொ" என்பதை க-வோடு ொ சேர்த்தும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பகுதியின் பெயர் ஒருவிதமாகவும் இணைப்பு இன்னொருவிதமாகவும் தட்டச்சாகியிருந்தால், "அப்படி ஒரு பகுதி இல்லை" என்று நிரல் அடம்பிடிக்கும். கோப்பைப் படித்ததும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக வைக்கும் வடிவம்) மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் "கௌ" என்பதற்குப் பதில் கெ-யோடு ள சேர்த்து "கெள" என்று அடித்திருந்தால் அதை எந்த மாற்றமும் சரிசெய்யாது, கையால்தான் திருத்த வேண்டும். மாறிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். சுகர்கியூப் போன்றவை வேறு எழுத்தை ஏற்காது.

14. வாசகரின் பெயரைக் கேட்டுக் கதைக்குள் போட்டேன். "குமார்ஐ யாரோ கூப்பிட்டார்கள்" என்று வருகிறது!

தமிழில் கேம்புக் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு வந்தே தீர வேண்டும். பெயரோடு உருபு ஒட்டும்போது பெயரின் வால் மாறுகிறது. குமார் குமாரை ஆகும், வள்ளி வள்ளியை ஆகும், மாலா மாலாவை ஆகும். இதுவரைக்கும் விதி எழுதிவிடலாம்: கடைசியில் புள்ளி இருந்தால் புள்ளியை எடுத்துவிட்டு ஐகாரக் கொம்பைப் போடு, இகரமோ ஈகாரமோ என்றால் "யை" சேர், ஆகாரம் என்றால் "வை" சேர். அப்புறம் செல்வம் வருவார். அவர் செல்வத்தை ஆவார். சரி, "அம்" என்று முடிந்தால் "அத்தை" என்று ஒரு விதி சேர்ப்பீர்கள். அடுத்து விக்ரம் வருவார். அவர் விக்ரமை, விக்ரத்தை இல்லை. எழுத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது.

ஆகவே வாக்கியத்தை வளைத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்போதும் தனியாக நிற்கும்படி எழுதலாம்: "'குமார்!' என்று யாரோ கூப்பிட்டார்கள்." விளியாக, கையெழுத்தாக, கடித உறையின் மேல் எழுதிய பெயராக வந்தால் உருபு தேவைப்படாது. பெயரே இல்லாமல் "நீங்கள்" என்று எழுதுவது அதைவிட நிம்மதி. "ஓடினான், ஓடினாள்" என்று பால் பிரிக்கும் தொல்லையும் அதோடு போகிறது. "ஓடினீர்கள்" எல்லோருக்கும் பொருந்தும்.

15. எல்லாப் பாதையையும் சோதிப்பது எப்படி? நானே எத்தனை தடவை விளையாடுவது?

முதல் சோதனையை நிரலே செய்யட்டும். பகுதிகளைப் புள்ளிகளாகவும் தேர்வுகளை அம்புகளாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் நின்று, அங்கிருந்து போகக்கூடிய எல்லாப் புள்ளிகளையும் குறி, அவற்றிலிருந்து போகக்கூடியவற்றைக் குறி என்று தொடர்ந்தால், கடைசியில் குறி விழாமல் நிற்பவை யாரும் வர முடியாத பகுதிகள். இல்லாத பகுதிக்குப் போகும் அம்புகளும், முடிவு என்று நீங்கள் நினைக்காமலே தேர்வு இல்லாமல் அநாதையாக நிற்கும் பகுதிகளும் இதிலேயே சிக்கிவிடும்.

இது போதாது என்பதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். நான்காம் பதிலில் உள்ள கிணற்றடியைப் பாருங்கள். கிணற்றுக்குள் போக அம்பு இருக்கிறது, ஆகவே மேலே சொன்ன சோதனையில் அது தேறிவிட்டது. ஆனால் என் கதையில் தீப்பெட்டி கிடைத்த ஒரே இடம் கிணற்றுக்குள்தான். அம்பு இருந்தும் யாராலும் போக முடியாது. ஆறு மாதம் எழுதிய கதையின் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயத்தை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது, ஒரு வாசகர் "கிணற்றில் யார் இருமியது?" என்று எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது.

ஆம், இல்லை என்று பத்து மாறி இருந்தாலே 1,024 நிலை வரும் என்பதால் கையால் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் ஒரு போலி வாசகரை எழுதுங்கள். காட்டப்படும் தேர்வுகளில் ஏதோ ஒன்றைச் சீரற்ற முறையில் எடுத்துக்கொண்டு முடிவுவரை போகட்டும். பத்தாயிரம் தடவை ஓடவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை முறை வந்தார் என்று எண்ணுங்கள். பூஜ்யம் வந்த இடத்தில் பெரும்பாலும் பிழை இருக்கும். நூறில் தொண்ணூறு ஓட்டம் ஒரே முடிவில் போய் விழுகிறதா என்பதும் அதிலேயே தெரியும். எழுத்தின் சுவையைச் சோதிக்க மட்டும் மனிதர்தான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். எந்தத் தேர்வில் விரல் தயங்குகிறது, எதைப் படிக்காமலே அழுத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

16. முடித்த பிறகு எங்கே, எப்படி வெளியிடுவது?

எச்டிஎம்எல் கோப்பு என்றால் எந்த இணையதளத்திலும் வைக்கலாம். இட்ச்.ஐஓ என்ற விளையாட்டுத் தளத்தில் இலவசமாக ஏற்றி, உலாவியிலேயே விளையாட விடலாம். மின்னூலாக வேண்டுமென்றால் ஈபப் கோப்பில் இணைப்புகள் வேலை செய்யும், ஆனால் மாறிகளை நம்ப முடியாது. மாறி இல்லாத கிளைக்கதைக்கு மட்டும் அது சரிவரும்.

17. கணினியில் எழுதியதை அச்சுப் புத்தகமாகப் போட முடியுமா?

முடியும். அதற்கும் நிரல்தான் கைகொடுக்கும். பகுதிகளைக் கலைத்துப் போட்டு எண் கொடுக்க வேண்டும், முதல் பகுதி 1, முக்கிய முடிவு கடைசி எண். ஒரு பகுதியும் அதிலிருந்து போகும் பகுதியும் ஒரே பக்கத்தில் விழுந்தால் வாசகர் கண் அடுத்ததைப் பார்த்துவிடும். அப்படி விழாத வரிசை கிடைக்கும்வரை நிரல் திரும்பத் திரும்பக் கலைக்கட்டும். பிறகு எல்லா இணைப்பையும் "இத்தனாம் எண்ணுக்குப் போங்கள்" என்று மாற்றட்டும்.

மாறிகளை மறுபடி வாசகர் கையில் கொடுத்துவிட வேண்டும். அச்சு கேம்புக்குகளில் இதற்கு அழகான வழி இருக்கிறது: குறிச்சொல். கம்பளியைக் கொடுத்தால், "'துடுப்பு' என்ற சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். ஆற்றங்கரையில், "'துடுப்பு' உங்கள் தாளில் இருந்தால் 162-க்குப் போங்கள்" என்று கேளுங்கள். கம்பளி என்ற சொல்லையே வைத்தால் எது முக்கியம் என்று வெளியே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, பொருளுக்கே எண் கொடுப்பது. சாவியில் 37 என்று பொறித்திருக்கிறது, பூட்டிய கதவு உள்ள பகுதி 118. "சாவி இருந்தால் அதன் எண்ணை இந்தப் பகுதியின் எண்ணோடு கூட்டி அந்தப் பகுதிக்குப் போங்கள்" என்று மட்டும் எழுதினால், சாவி இல்லாதவருக்கு 155 என்பது தெரியவே தெரியாது. கலைக்கும்போது இந்த ஜோடிகளின் இடைவெளி 37-ஆகவே இருக்க வேண்டும் என்று நிரலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவு வேறு யார் வீட்டுக்குள்ளோ திறக்கும்.